முத்திரை குத்தியது யார்?

முப்பத்து நான்கு வருஷ காலம் ஸப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் ஒன்றில் உட்கார்ந்து, ஊரார் நிலத்தை ஊராருக்கே பதிவு செய்து கொடுத்தவன் நான். அவ்வளவு காலத்தில் நான் கற்றுக்கொண்ட சாஸ்திரம் இரண்டே வார்த்தையில் அடங்கிவிடும்: கையெழுத்து, முத்திரை. கையெழுத்து வெளியிலிருந்து வருகிறவருடையது. முத்திரை உள்ளே இருக்கிறவருடையது. இரண்டும் சேர்ந்தால் பத்திரம். ஒன்று குறைந்தாலும் வெறுங்காகிதம்.

அப்பேர்ப்பட்ட ஆசாமி இன்றைக்கு ஹார்மோன் என்றும் புரதம் என்றும் எழுத வந்திருப்பதைப் பார்த்து நேயர்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். எனக்கு விஞ்ஞானத்தில் திடீரென்று மோகம் பிறந்துவிடவில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளாவிட்டால் என் தமக்கையின் முகத்தில் விழிக்க முடியாது என்ற நிலைமை 2016-ம் வருஷத்தில் எனக்கு ஏற்பட்டது. அதனால்தான் வயது அறுபதில் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் பாடம் கேட்கப் போனேன்.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். எங்கள் தாயார் சீக்கிரமே காலமாகிவிட்டபடியால் எனக்குத் தலை வாரிவிட்டதும், வாய்ப்பாடு ஒப்பித்ததும், பரீட்சையில் தேறாதபோது அப்பாவின் கோபத்திலிருந்து காப்பாற்றியதும் அவள்தான். 2012-ம் வருஷம் அவளுக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. சத்திர சிகிச்சை நடந்தது. வெட்டியெடுத்த சதையைச் சோதித்துவிட்டு, “ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது, ஒருவிதத்தில் நல்ல செய்திதான்” என்றார்கள். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு எழுபது வரை இந்த இனத்தைச் சேர்ந்தவையாம். அக்காவின் எலும்புகள் ஏற்கனவே மெலிந்திருந்தபடியால், எலும்பைக் கெடுக்காத மருந்தாகப் பார்த்து டமாக்ஸிபென் என்ற மாத்திரையைக் கொடுத்தார்கள். தினம் ஒன்று; ஐந்து வருஷம்.

அக்கா அந்த மாத்திரைகளை ஒரு பித்தளைச் சம்புடத்தில் போட்டு, சுவாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். காலையில் விளக்கேற்றியதும் ஒரு மாத்திரை. நாலு வருஷம் இந்த நியமம் பிசகவே இல்லை; அதாவது, நாலு நாட்களைத் தவிர.

அந்த நாலு நாட்கள் என் மகளுடைய கல்யாண நாட்கள். 2016 தை மாதம். பக்ஷணத்திலிருந்து பந்தல்வரை அக்காதான் எஜமானி. சத்திரத்துக்கு அவள் எத்தனையோ பெட்டிகளைக் கொண்டுவந்தாள்; பித்தளைச் சம்புடம் மாத்திரம் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

ஆடி மாதம் அக்காவுக்கு முதுகு வலித்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் முதுகெலும்புக்கு வந்திருந்தது.

அக்கா அழவில்லை. “அந்த நாலு நாள்தான் தம்பி. வேறென்ன? நான் செய்த பிசகு” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. ஆனால் பேசாமலே தினமும் காலையில் அந்தச் சம்புடத்தை எடுத்துத் திறந்து பார்ப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். யாருடைய கல்யாணத்தில் அவள் மறந்தாள்? என் மகள் கல்யாணத்தில். கல்யாணக் கணக்கு முழுவதையும் பைசா விடாமல் சரிபார்த்த எனக்கு, “அக்கா, மாத்திரை சாப்பிட்டாயா?” என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பிசகு அவளுடையது என்றால், அதில் பாதிக்கு மேல் என் பெயரில் பதிவாக வேண்டியது.

ஒரு நாள் தனியாகவே போய் டாக்டர் அம்மாளைப் பார்த்தேன். வயதில் என் மகளை ஒத்தவர். “நாலு நாள் மாத்திரை விட்டதால் இது வந்ததா? உண்மையைச் சொல்லிவிடுங்கள்” என்றேன்.

“இல்லை, ஸார்” என்றார் அவர். “இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். கல்லீரல் இதிலிருந்து தயாரிக்கும் பொருள்கள் இன்னும் அதிக நாள் நிற்கும். மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்களுக்கு ஆபத்து உண்டு. நாலு வருஷம் சாப்பிட்டவருக்கு நாலு நாளில் காவல் கலைந்துவிடாது. நோய் வேறு வழியில் வந்திருக்கிறது.”

“வேறு வழி என்றால்?”

அவர் ஒரு காகிதத்தைத் திருப்பிப் படம் போட ஆரம்பித்தார். அன்று பாதிதான் புரிந்தது. மீதியைப் பிறகு பல மாதங்கள் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். அதைத்தான் என் ஆபீஸ் பாஷையில் இங்கே சொல்லப் போகிறேன்.

நம் சரீரத்தில் செய்தி கொண்டுபோகும் பொருள்கள் இரண்டு ஜாதி. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன், கார்டிஸால் ஆகியவை ஸ்டீராய்டு ஹார்மோன்கள். இவை கொழுப்பில் கரைபவை. ஆகையால் உயிரணுவின் சுவரைத் தாண்டி நேரே உள்ளே வந்துவிடும். உள்ளே இவற்றுக்கென்று ஒரு புரதம் காத்திருக்கிறது. அதற்குத்தான் ஏற்பி என்று பெயர். ஹார்மோன் வந்து அதன் மடியில் உட்கார்ந்ததும் அது விழித்துக்கொண்டு, மரபுச்சரட்டில் உரிய இடத்தைப் பற்றி, “இந்தக் காரியம் நடக்கட்டும்” என்று உத்தரவு போடுகிறது. மார்பிலும் கருப்பையிலும் அந்த உத்தரவு பெரும்பாலும் ‘வளர்க’ என்பதே.

ஏற்பியை ரிஜிஸ்திரார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன்தான் கட்சிக்காரர். அவர் வந்து எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் ரிஜிஸ்திரார் பதிவு செய்வார்.

இது தெரியவந்த கதையும் சுவையானது. 1896-ம் வருஷத்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் ஜார்ஜ் பீட்ஸன், முற்றிய மார்பகப் புற்றுநோய் கொண்ட பெண்களுக்கு அண்டாசயங்களை அகற்றியதும் கட்டிகள் கரைந்ததை வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. 1950-களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்ஸன், கதிர்வீசும் ஹைட்ரஜனை ஈஸ்ட்ரோஜனில் சேர்த்து இளம் எலிகளுக்குச் செலுத்தினார். தசை முதலிய இடங்களில் ஹார்மோன் வந்த சுருக்கில் போய்விட்டது. கருப்பையிலோ விடாமல் நின்றது. ‘அங்கே அதைப் பிடித்து வைக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று கண்டார். அதுதான் ஏற்பி.

டமாக்ஸிபென் இங்கிலாந்தில் ஐ.ஸி.ஐ. கம்பெனியில் 1962-ம் வருஷம் தயாரிக்கப்பட்டது. கருத்தடைக்கு உதவும் என்று எண்ணினார்கள்; பெண்களிடமோ அது கருவுண்டாகத் துணைசெய்தது! பிறகு, 1973-ல், அந்நாட்டிலேயே மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. அதன் யுக்தி எளிது. கட்சிக்காரர் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். கையெழுத்து மாத்திரம் போடாது. உண்மையான கட்சிக்காரர் வாசலிலே நிற்க வேண்டியதுதான். இந்த யுக்தியை ஏளனம் செய்யாதீர்கள். ஐந்து வருஷம் இதைச் சாப்பிட்டவர்களைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்த கணக்கில், அந்த நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

நிற்க. இனி இரண்டாவது ஜாதியைப் பார்ப்போம்.

இன்சுலின் போன்ற ஹார்மோன்களும், வளர்ச்சிக் காரணிகள் எனப்படுபவையும் உயிரணுவுக்குள் நேரே நுழைய முடியாதவை. அவை வாசலில் நின்று மணியடிக்கும். மணியோசையைக் கேட்க உயிரணுவின் மேற்புறத்தில் தனி ஏற்பிகள் உண்டு. ஹெர்-2 என்று நாம் கேள்விப்படுவது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அங்கிருந்து செய்தி உள்ளே கைமாறிக் கைமாறிப் போகிறது. வாசற்சேவகன் டபேதாரிடம் சொல்ல, டபேதார் குமாஸ்தாவிடம் சொல்ல, குமாஸ்தா தலைமைக் குமாஸ்தாவிடம் சொல்வதைப் போல. ராஸ், ராஃப், மெக், எர்க் என்பவை ஒரு வரிசையில் இந்தச் சிப்பந்திகளின் பெயர்கள்.

இவர்களில் பலர் கைனேஸ் என்ற வகையைச் சேர்ந்தவர்கள். கைனேஸ்களின் தொழில் முத்திரை குத்துவது. பாஸ்பேட் என்ற சிறு ரசாயனத் துணுக்கை மற்றொரு புரதத்தின்மேல் ஒட்டிவிடுவார்கள். உடனே அந்தப் புரதத்தின் குணம் மாறிவிடும். முத்திரையைத் துடைத்தெடுக்கவும் வேறு சிப்பந்திகள் உண்டு. தசையில் இப்படி நடப்பதை 1950-களில் கண்டறிந்த எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் பிஷர் ஆகிய இருவருக்கும் 1992-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெகு காலம் விஞ்ஞானிகள் இவ்விரண்டு ஜாதியையும் இரண்டு தனித்தனி ஆபீஸ்கள் என்றே நினைத்திருந்தார்கள். ஸ்டீராய்டு ஹார்மோன் வந்தால் ரிஜிஸ்திரார் எழுந்திருப்பார். வாசல் மணிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அந்த நம்பிக்கை 1990-களில் தகர்ந்தது.

1991-ம் வருஷத்தில் ஹூஸ்டன் நகரத்தில் பெர்ட் ஓமாலியின் ஆராய்ச்சிக் குழுவினர், வளர்ப்புக் கிண்ணத்தில் இருந்த உயிரணுக்களுக்கு டோபமைனைக் கொடுத்தார்கள். அது மூளையிலே வேலை செய்யும் பொருள், ஸ்டீராய்டே அல்ல. கிண்ணத்தில் புரோஜெஸ்டிரோன் ஒரு துளியும் இல்லை. ஆனால் புரோஜெஸ்டிரோனின் ஏற்பி விழித்துக்கொண்டு வேலை செய்தது! கட்சிக்காரர் வராமலே பத்திரம் பதிவாகிவிட்டது.

மறு வருஷம் மற்றொரு குழுவினர், அண்டாசயம் அகற்றப்பட்ட பெண் சுண்டெலிகளுக்கு மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கொடுத்தார்கள். கருப்பை, ஈஸ்ட்ரோஜனைப் பெற்றதுபோலவே வளரத் தலைப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை முடக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த வளர்ச்சி அடங்கியது. 1996-ல், ஏற்பியே இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட சுண்டெலிகளில் இதைப் பார்த்தார்கள். வளர்ச்சிக் காரணி கொடுத்தும் அந்த விளைவு தோன்றவில்லை. இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது. வாசலில் அடித்த மணி, சிப்பந்திகளின் வழியாக ரிஜிஸ்திராரையே எட்டியிருக்கிறது.

எப்படி எட்டியது? ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்பது 595 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் 118-வது மணி செரீன் என்பது. வாசற்செய்தியைக் கொண்டுவரும் எர்க் அந்த மணியின்மேல் பாஸ்பேட் முத்திரையைக் குத்துகிறது என்று 1995-ல் அறிவித்தார்கள். வேறு வரிசையைச் சேர்ந்த கைனேஸ்கள் 167-வது மணியில் குத்துகின்றன. முத்திரை விழுந்த ஏற்பி, உதவிப் புரதங்களை எளிதில் தன்னிடம் சேர்த்துக்கொள்கிறது. ஹார்மோன் கொஞ்சமாக இருந்தாலும், சில சமயம் இல்லாவிட்டாலுங்கூட, உத்தரவு போட்டுவிடுகிறது. எதிரே டமாக்ஸிபென் உட்கார்ந்திருக்கும்போதே அதையே கட்சிக்காரராக எண்ணிப் பதிவு செய்துவிடுவதும் உண்டு. ஹெர்-2 மிகுந்த உயிரணுக்களில் இந்த விபரீதம் நடப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் புற்றுநோயிலும் இதே கதை. டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் அந்த நோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-ல் காட்டினார். 1966-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அடங்கிய நோய் பலருக்குத் திரும்பவும் தலையெடுக்கிறது. அங்கேயும் உள்ளே உள்ள சிப்பந்திகள் ஏற்பியைத் தட்டியெழுப்புவது காரணங்களில் ஒன்று. முத்திரை எப்போதும் ‘நடக்கட்டும்’ என்றே சொல்வதுமில்லை. கார்டிஸாலின் ஏற்பியில் 226-வது மணியில் ஜே.என்.கே. என்ற கைனேஸ் குத்தும் முத்திரை, அதன் வேலையை மந்தப்படுத்துகிறது. முடுக்குவதும் தடுப்பதும் முத்திரை விழுகிற இடத்தைப் பொறுத்தது.

இவ்வளவையும் நான் அக்காவிடம் ஒரு மாலை வேளையில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். ரிஜிஸ்திரார், டபேதார், தலைமைக் குமாஸ்தா எல்லாரும் வந்தார்கள். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்படியானால் நான் மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருந்தாலும்?”

“மாத்திரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அக்கா. அது உட்கார்ந்திருக்கும்போதே உள்ளே இருந்தவர்கள் முத்திரை குத்திவிட்டார்கள். கல்யாணத்துக்கு வெகு நாள் முந்தியே ஆரம்பித்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர் அம்மாள்.”

அவளுடைய கட்டியில் எந்தச் சிப்பந்தி முந்திக்கொண்டது என்று டாக்டர் அறுதியிட்டுச் சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வழிகள் பல. ரிஜிஸ்திராரே உருமாறி, யாரும் வராதபோதும் எழுந்தபடியே நிற்பதும் உண்டென்று 2013-ல் கண்டிருக்கிறார்கள். ஆனால் எந்த வழியானாலும் அது பித்தளைச் சம்புடத்தின் வழி அல்ல.

அக்கா கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “உன் ஆபீஸிலும் இப்படித்தான் நடக்குமோ?” என்று கேட்டாள். “சிவ சிவா! எங்கள் ஆபீஸில் கையெழுத்தில்லாமல் ஒரு காகிதம் நகராது” என்றேன். அவள் சிரித்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

விடை தெரிந்ததனால் நோய் போய்விடவில்லை. ஆனால் நோயின் வழி தெரிந்தால் மருந்தின் வழியும் தெரிகிறது. முதலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே தடுக்கும் லெட்ரோஸோல் கொடுத்தார்கள்; ஒரு வருஷத்துக்கு மேல் பலித்தது. அதுவும் தளர்ந்தபோது, அதே இனத்து எக்ஸெமெஸ்டேன் என்ற மாத்திரையுடன் எவரோலிமஸ் என்ற மற்றொன்றைச் சேர்த்தார்கள். எவரோலிமஸ் ரிஜிஸ்திராரிடம் போவதே இல்லை. உள்ளே இருக்கும் எம்டார் என்ற சிப்பந்தியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. 724 பெண்களிடம் நடந்து 2012-ல் வெளியான பரிசோதனையில், இதைச் சேர்த்துக் கொடுத்ததனால் நோய் அடங்கியிருந்த காலம் இரண்டு மடங்குக்கு மேலாயிற்று.

இந்த மருந்தின் பூர்வோத்தரத்தைக் கேட்டால் நம்மவர்கள் நெஞ்சு நிமிரலாம். பசிபிக் சமுத்திரத்தில் தன்னந்தனியாக இருக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணை, 1964-ல் அங்கே புறப்பட்டுப் போன கானடா தேசத்தார் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அந்த மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ராபமைஸின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தவர், பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் ஸேகல். மாண்ட்ரியலில் அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிச் சாலை 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டபோது, அந்த நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்து அவர் காப்பாற்றினார் என்பது பிரசித்தமான செய்தி. ராபமைஸினைச் சிறிது மாற்றி அமைத்ததே எவரோலிமஸ். எம்டாரின் பெயரே ராபமைஸினை ஒட்டி வந்ததுதான். இதைச் சொன்னபோது, “யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்ததா நான் சாப்பிடுவது!” என்று அக்கா வியந்தாள்.

மருந்து சும்மா வேலை செய்யவில்லை. வாயெல்லாம் புண்ணாகி, ரசஞ்சாதம்கூட எரிந்தது. சர்க்கரை ஏறியது. இவற்றோடு ஒன்பது மாதங்கள் நோய் அடங்கியிருந்தது. அதற்குள் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அக்கா அதைத் தொட்டிலில் இட்டுத் தாலாட்டியும் பாடிவிட்டாள். 2019 மாசி மாதம் அவள் காலமானாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, “உன் மகள் கல்யாணம் நன்றாக நடந்தது, தம்பி” என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

நேயர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. மருந்து சாப்பிடுகிறவர்கள் நாள் தவறாமல் சாப்பிடட்டும். அதில் அலட்சியம் கூடாது. உடனிருப்பவர்கள், “சாப்பிட்டாயா?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், நான் கேட்கத் தவறியதை நீங்களாவது கேளுங்கள். ஆனால் எல்லாம் செய்தும் நோய் திரும்பி வந்துவிட்டால், குற்றவாளியைத் தேடிக்கொண்டு சமையலறைக்கும் சுவாமி அலமாரிக்கும் போகாதீர்கள். நோயாளி எதைத் தின்றாள், எதை மறந்தாள், யார் கண் பட்டது என்று விசாரணை நடத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவுக்குள், ஒரு மாலையின் 118-வது மணியில், யாரும் கேட்காமல் ஒரு முத்திரை விழுந்திருக்கலாம். அதற்கு என் அக்கா பொறுப்பாளி அல்ல. உங்கள் வீட்டு அக்காவும் அல்ல.

பித்தளைச் சம்புடம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. எனக்கு ரத்த அழுத்தம். தினம் காலையில் அதைத் திறந்து, என் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.